ஹிப்பேஸ் என்ற பெயர் இருந்தால் குதிரைப்படையும் இருந்ததா?

ஒற்றைக்குளம்பு:
ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் குடிமக்களை விளைச்சல் அளவை வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்தார். 500 மெதிம்னொஸ் (தானிய அளவை) விளைவித்தவர் முதல் வகுப்பு, 300 என்றால் இரண்டாம் வகுப்பு. அந்த இரண்டாம் வகுப்பின் பெயர் ஹிப்பேஸ். ஹிப்பொஸ் என்றால் குதிரை, ஹிப்பெயுஸ் என்றால் குதிரையாள், ஹிப்பேஸ் அதன் பன்மை. ஓர் ஊர் தன் பணக்காரர்களுக்கே 'குதிரையாட்கள்' என்று பெயர் வைத்திருக்கிறது. அப்படியானால் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே அங்கே போரிடும் குதிரைப்படை இருந்திருக்க வேண்டும். ஏதென்ஸின் 48 நௌக்ராரியாக்களும் (அன்றைய நிர்வாகப் பிரிவுகள்) தலா இரண்டு குதிரையாட்களைக் கொடுத்தன என்று பொல்லுக்ஸ் எழுதுகிறார். ஆக 96 பேர். சின்னப் படைதான், ஆனாலும் படை. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கல்லெழுத்து:
பொல்லுக்ஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்காரர். சோலோனுக்கும் அவருக்கும் இடையில் 700 ஆண்டுக்கு மேல். அதை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பார்ட்டாவுக்கு வாருங்கள்.

ஸ்பார்ட்டாவிலும் ஹிப்பேஸ் உண்டு, 300 பேர். எபோர்கள் என்ற உயர் அதிகாரிகள் ஹிப்பக்ரெடை எனும் மூன்று தேர்வாளர்களை நியமிப்பார்கள், ஒவ்வொருவரும் 100 இளைஞர்களைப் பொறுக்கி எடுப்பார். மன்னரைச் சூழ்ந்து நிற்கும் மெய்க்காவல் அணி இது. கி.மு. 418இல் மான்டினேயா போரில் அகிஸ் மன்னரோடு நின்ற "ஹிப்பேஸ் எனப்படும் 300 பேர்" என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதும்போது குறிப்பது இவர்களைத்தான். எல்லாரும் கேடயம் ஏந்திய காலாட்கள்! 'எனப்படும்' என்று அவர் சேர்த்ததைக் கவனியுங்கள். அதே ஸ்பார்ட்டா நிஜக் குதிரையாட்களைத் திரட்டியது கி.மு. 424இல், 400 பேர். அது தங்கள் வழக்கத்துக்கு மாறாகச் செய்த காரியம் என்றும் அவரே சொல்கிறார்.

ஏதென்ஸ் வகுப்புக்கும் இதே கதி. குதிரை வளர்க்க முடிந்தவர்தான் ஹிப்பேஸ் என்று சிலர் சொல்வதை 'ஏதெனியர் அரசியலமைப்பு' நூல் குறிப்பிட்டுவிட்டு, 300 அளவை என்ற விளக்கமே பொருத்தம் என்கிறது. வரிப் பட்டியலை அணிவகுப்பு என்று படிக்கிறீர்கள்.

ஒற்றைக்குளம்பு:
பெயர் வானத்திலிருந்து விழாது சார். ஸ்பார்ட்டாவின் 300 பேரும் ஒரு காலத்தில் குதிரையில் வந்திருப்பார்கள், பிறகு இறங்கியிருப்பார்கள். கொரிந்திய மண்குடுவைகளில் ஹிப்போபாதஸ் என்று எழுத்துப் பொறித்த வீரனே இருக்கிறான்.

கல்லெழுத்து:
அதே குடுவையில் பக்கத்திலேயே ஹிப்போஸ்த்ரொபொஸ் என்று இன்னொருவனும் இருக்கிறானே, அவனை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஹிப்போபாதஸ் குதிரையில் களத்துக்கு வந்து, இறங்கி, வரிசையில் நின்று சண்டை போடுபவன். மற்றவன் அதுவரை குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாள். ஒருவனுக்கு இரண்டு குதிரை, சண்டையிலோ ஒன்றுகூடக் கிடையாது. குதிரைமேல் ஏறிப் போவது வேறு, குதிரைமேலிருந்து போரிடுவது வேறு.

மைசீனியன்:
நடுவில் ஒரு செய்தி. சோலோனுக்கும் பல நூற்றாண்டு முந்தைய பைலோஸ், நாசோஸ் அரண்மனைகளின் களிமண் பலகைகளில் குதிரை 'இ-கோ', குட்டி 'போ-ரோ', தேர் 'இ-கி-ஜா'. தேருக்கான சொல்லே குதிரையிலிருந்து பிறந்ததுதான். ஹோமரில் 'ஹிப்பொய்' என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் தேரில் பூட்டிய சோடி. 'குதிரைகளிலிருந்து குதித்தான்' என்றால் தேரிலிருந்து இறங்கினான் என்று பொருள். தனிக் குதிரையில் ஏறி ஓட்டுவதைச் சொல்ல அவருக்குக் கெலேஸ் என்ற வேறு சொல் தேவைப்பட்டது. பிற்காலத்தில் அதே ஹிப்பொஸ் பெண்பால் ஒருமையில் வந்தால் குதிரைப்படை முழுவதையும் குறிக்கும். பால் குறியைக் கவனிக்காத மொழிபெயர்ப்பில் ஒரு படையே ஒரு பெட்டைக் குதிரையாகிவிடும்.

சேணக்கயிறு:
பட்டப்பெயர்களை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? தொழிற்சொற்களைப் பாருங்கள். குதிரையோடு மல்லுக்கட்டியவர்களின் சொற்கள் அவை, வெறும் கௌரவத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்காது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ்காரர் செனபோன் எழுதிய குதிரையேற்ற நூல் முழுக்க இவைதான்.

குளம்பு: அடியில் இருக்கும் முக்கோண மெத்தைக்கு அவர்கள் வைத்த பெயர் கெலிதோன், அதாவது தகைவிலான் குருவி. நல்ல குளம்பு குழிவாக இருந்து, கெலிதோன் தரையில் படாமல் உயர்ந்து நிற்கவேண்டும். அப்படிப்பட்ட குளம்பு தரையில் தாளம்போல் ஒலிக்கும் என்கிறார். அன்று ஆணி அடித்த லாடம் கிடையாது, அதனால் குளம்பையே இறுக்கியாக வேண்டும். ஈரமும் வழவழப்புமான தரை நல்ல குளம்பையும் கெடுத்துவிடும். கொட்டிலுக்கு வெளியே நான்கைந்து வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டி, சிதறாமல் சுற்றி இரும்பு விளிம்பு கட்டச் சொல்கிறார். ஒவ்வொரு கல்லும் ஒரு மைனா எடை, நம் கணக்கில் சுமார் 430 கிராம். குதிரையை அதன்மேல் நிறுத்திவைத்தால், தேய்க்கும்போதும் ஈ கடிக்கும்போதும் காலை உதறி உதறிக் குளம்பு தானாக இறுகும்.

கடிவாளம்: ஒன்றல்ல, இரண்டு வைத்திருக்கச் சொல்கிறார். முதலாவது முரடு, அதில் எகினொய் எனும் கூரிய முட்கள். (முள்ளெலிக்கும் கடல்முள்ளிக்கும் கிரேக்கத்தில் அதே பெயர்தான்.) இரண்டாவது வழவழப்பானது, அதில் பெரிய வட்டுகள். முரட்டில் படிந்த குதிரைக்கு மென்மையானது பரிசு மாதிரி. வட்டு பெரிதாக இருப்பதால் வாய் திறந்தே இருக்கும், இரும்பைப் பல்லால் கவ்விப் பிடிக்க முடியாது. குதிரை கவ்விவிட்டால் வாரை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. இரண்டுமே விறைப்பாக இல்லாமல் இணைப்பில் நெகிழவேண்டும். நடுவில் தொங்கும் சிறு வளையங்களை நாக்கால் துழாவிக்கொண்டிருக்கும் குதிரை, கவ்வுவதை மறந்துவிடும்.

இத்தனை நுணுக்கமான சொற்கள் இருக்கும் இடத்தில் நிஜக் குதிரைப்படை இருக்கிறது.

ஒற்றைக்குளம்பு:
அது 4ஆம் நூற்றாண்டு. தவிர, 'இப்படிச் செய்' என்று ஒருவர் எழுதினால் எல்லாரும் அப்படிச் செய்யவில்லை என்றும் அர்த்தம். சேணத்தில் கால் ஊன்றும் அங்கவடியே இல்லாத காலம் அது. ஈட்டியோடு மோதினால் ஆள் பின்பக்கம் போய் விழுவான். அவர்கள் எறிந்துவிட்டு ஓடுகிறவர்கள், அவ்வளவுதான். படை என்ற சொல்லே பெரிது.

சேணக்கயிறு:
அங்கவடி வாதத்தைப் பத்து வருடமாக எல்லாத் திரியிலும் பார்த்தாயிற்று. கி.மு. 396இல் ஆசியா மைனரின் தாஸ்கிலியோன் அருகே ஸ்பார்ட்டா மன்னர் அகெசிலாவோஸின் கிரேக்கக் குதிரையாட்களும் பாரசீகரும் நேருக்கு நேர் மோதினார்கள். குத்திய கிரேக்கர் அத்தனை பேரின் ஈட்டியும் முறிந்தது. ஆள் விழவில்லை சார், ஈட்டிதான் முறிந்தது. பாரசீகர் கையில் கார்னல் என்ற கடினமான மரத்தில் செய்த பல்தொன் என்ற குட்டையான ஈட்டி. சட்டென்று 12 வீரர்களையும் 2 குதிரைகளையும் கொன்றார்கள்.

செனபோனின் பரிந்துரையும் இதோடு பொருந்துகிறது. கமாக்ஸ் என்ற நீள ஈட்டி வலுவற்றது, தூக்கிச் செல்லவும் தொல்லை, அதை விட்டுவிட்டு இரண்டு கார்னல் பல்தா (பல்தொன்னின் பன்மை) எடுத்துக்கொள், ஒன்றை எறி, மற்றதால் முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் குத்து என்கிறார். வாளிலும் நேரான க்ஸிபொஸ் வேண்டாம், வளைந்த மகைரா வேண்டும் என்பது அவர் முடிவு. உயரத்திலிருந்து கீழ்நோக்கி வெட்ட வளைந்த அலகே உதவும்.

கி.மு. 334 கிரானிகஸ் போரில் மாசிடோனியரின் க்ஸிஸ்தொன் என்ற குதிரை ஈட்டியும் கார்னல் மரம்தான். அலெக்சாந்தரின் ஈட்டி முறிந்தது. அரெதிஸ் என்ற பணியாளிடம் வேறு கேட்டார், அவனுடையதும் முறிந்து கிடந்தது. கடைசியில் கொரிந்தின் தெமராதோஸ் தன்னுடையதைக் கொடுத்தார். எறிந்துவிட்டு ஓடுகிறவன் கையில் ஈட்டி எப்படி முறியும்?

அங்கவடி இல்லாததால் உண்மையில் கடினமானது ஏறுவதுதான். அதற்கும் முறை உண்டு. இடது கையில் முன்வாரைத் தளர்வாகப் பிடி. வலது கையில் கடிவாள வாரோடு பிடரி மயிரையும் சேர்த்துப் பற்று, இல்லையென்றால் எம்பும்போது வாய் வெட்டி இழுபடும். பிறகு எம்பு, முழங்காலைக் குதிரை முதுகில் ஊன்றாமல் காலை நேராக அந்தப் பக்கம் வீசு. ஈட்டியை ஊன்றித் தாவி ஏறுவதும் வழக்கம்.

மைசீனியன்:
தொழிற்சொல் எல்லாமே நம்பகம் என்று சொல்லாதீர்கள். பிற்கால அணிவகுப்பு நூல்களில் குதிரை அணிகளின் அளவு இலே 64, எபிலார்கியா 128, தரன்தினார்கியா 256, ஹிப்பார்கியா 512, எபிப்பார்கியா 1024, தெலோஸ் 2048, எபிதக்மா 4096 என்று இரட்டித்துக்கொண்டே போகும். நம் அக்குரோணிக் கணக்கு மாதிரிதான், மும்மடங்காகப் பெருக்கி, கடைசியில் பத்து மடங்காக்கி 65,610 குதிரைக்குக் கொண்டுபோய் நிறுத்துவோமே. ஏட்டுப் படை. அலெக்சாந்தரின் இலே 64 பேர் என்று யாராவது வாதாடினால் அங்கேயே நிறுத்துங்கள், அது 200 பேர் வாக்கில் இருந்த அணி.

கல்லெழுத்து:
சேணக்கயிறு சொன்னது சரியான அளவுகோல். ஏதென்ஸில் நிஜப் படை வந்ததும் அரசு ஏட்டில் தடம் விழுகிறது. 2 ஹிப்பார்கொஸ் (குதிரைப்படைத் தளபதி), அவர்களுக்குக் கீழே 10 பிலார்கொஸ். குதிரை வாங்க அரசு தரும் கடன், அதன் பெயர் கதாஸ்தசிஸ். ஆட்சிக் குழு நடத்தும் குதிரைச் சோதனை தொகிமசியா. அதில் தேறாத குதிரையின் தாடையில் சக்கரக் குறி சுடுவார்கள். ஏதென்ஸின் கெராமைகோஸ் பகுதியிலும் அகோரா சந்தைவெளியிலும் கிடைத்த ஈயத் தகடுகளில் உரிமையாளர் பெயர், குதிரையின் நிறம், சூட்டுக்குறி, விலை இருக்கின்றன. உச்ச விலை 1200 திரக்மா. அரிஸ்டோபேனஸின் 'மேகங்கள்' நாடகத்தில் கொப்பா எழுத்துச் சூடு போட்ட கொப்பாதியாஸ் குதிரையை 12 மைனாவுக்கு வாங்கி அப்பன் கடனாளியாகிறான். மைனா எடை மட்டுமல்ல, 100 திரக்மா பணமும்கூட; 12 மைனா என்றால் அதே 1200. சோலோன் காலத்துக்கு இப்படி ஒரு தடமாவது காட்டுங்கள்.

சரி, ஏடு அழிந்துபோயிருக்கலாம் என்பீர்கள். கி.மு. 511 வாக்கில் ஸ்பார்ட்டாப் படை ஏதென்ஸின் துறைமுகமான பலேரோனில் வந்து இறங்கியபோது, ஏதென்ஸை ஆண்ட ஹிப்பியாஸ் என்ன செய்தார்? வட கிரேக்கத்தின் தெஸ்ஸலியிலிருந்து 1000 குதிரையாட்களை வரவழைத்தார். அவர்கள் ஓட வசதியாகப் பலேரோன் சமவெளியில் மரங்களை வெட்டித் தள்ளினார். உங்கள் 96 பேர் எங்கே போனார்கள்?

ஒற்றைக்குளம்பு:
ஹிப்பியாஸ் கொடுங்கோலன். ஊரார் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்த குடும்பம் அது. உள்ளூர்க் குதிரையாட்களை நம்பாமல் வெளியூரில் கேட்டது இயல்புதானே. இருந்ததைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

கல்லெழுத்து:
அவர் துரத்தப்பட்டு 20 ஆண்டு கழித்து, கி.மு. 490. ஊரார் கையில் ஆயுதம் இருக்கிறது, நம்பாமல் இருக்கக் கொடுங்கோலன் இல்லை. பாரசீகரை மாரத்தானுக்கு வழிகாட்டி அழைத்து வந்தவர் அதே ஹிப்பியாஸ். அட்டிகாவில் குதிரை ஓட்ட அதைவிடத் தோதான நிலம் கிடையாது என்பது ஹெரொடோட்டஸ் சொல்லும் காரணம். ஏதெனியர் ஓடி வருவதைப் பார்த்த பாரசீகர், குதிரையும் இல்லை வில்லும் இல்லை, இந்தச் சிறு கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று நினைத்தார்களாம். இதையும் அவரேதான் எழுதியிருக்கிறார்.