பழைய தாளில் ஒட்டிய சிவப்புப் பாசி: வெட்டிப் பார்க்கலாமா?

கேள்வி:
யாழ்ப்பாணத்துக் காரைநகரில் எடுத்த பாசி. தாளில் பென்சிலால் 'கிராசிலேரியா' (ஒரு சிவப்புப் பாசிப் பேரினம்) என்று இருக்கிறது. எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை. நிறமும் வெளுத்துப்போச்சு. வெட்டலாமா?

பதில்:
நிறத்தை விடுங்கோ தங்கச்சி, காய்ந்தால் நிறம் மாறிப்போகலாம். கிளையில் பரு மாதிரிப் புடைப்பு இருக்கா? அது பெண் செடியில் மட்டும் வரும் சிஸ்டோகார்ப், வித்துகள் உண்டாகும் புடைப்பு. தாளை வைத்திருக்கும் பொறுப்பாளரைக் கேட்டு, அதிலொரு துண்டை மட்டும் சவர்க்காரத் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறவிட்டு, பிளேடால் மெல்லிசாகச் சீவி, அனிலின் நீலச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கோ. புடைப்பின் நடுவிலுள்ள செல் திரளிலிருந்து அதன் வெளிச்சுவருக்கு ஓடும் குழாய்போன்ற செல்கள் தெரிந்தால் கிராசிலேரியா. இல்லாவிட்டால் அதைப்போலவே இருக்கும் கிராசிலேரியாப்சிஸ் என்ற பேரினமாக இருக்கலாம்.

இன்னொரு பதில்:
டிஎன்ஏ சோதனைக்கும் ஒரு சின்னத் துண்டை நனைக்காமல் வையுங்கோ. பதப்படுத்தும் ஃபார்மலின் திரவம் பட்டதென்றால் டிஎன்ஏ எடுப்பது கஷ்டம்.

கேட்டவர்:
பரு இருக்கு அண்ணை! ஃபார்மலின் பற்றித் தாளில் ஒன்றுமில்லை.