டாம்சல் குஞ்சுக்கு கோபிபாட் தேவை: ரோட்டிஃபர் கலக்காத தாய்க் கல்ச்சர் (வளர்ப்பைத் தொடங்க உதவும் வித்து) யாரிடம் இருக்கிறது?

வணக்கம். மூன்று கறுப்புப் பட்டை போட்ட வெள்ளை டாம்சல் (டாசில்லஸ் அருவானஸ்) ஜோடி தொட்டியில் தொடர்ந்து முட்டையிடுகிறது. உப்பு 33 பிபிடி (ஆயிரத்துக்கு 33 பங்கு), வெப்பம் 28 டிகிரி. ஓட்டில் ஒட்டிய முட்டைகளை ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காக்கிறது. விளக்கு அணைந்த பிறகு நன்றாகவே பொரிகின்றன. அதுவரை குறை ஒன்றும் இல்லை.

சிக்கல் முதல் தீனியில்தான். குஞ்சின் வாய் மிகச் சிறியது. கோமாளி மீனுக்குப் போடும் ரோட்டிஃபர் (நீரில் நீந்தும் மிக நுண்ணிய உயிர்) இதற்குப் பெரிது, அதைவிடப் பெரிய ஆர்ட்டீமியாவை (உப்புநீர் இறால் குஞ்சு) பற்றிப் பேசவே வேண்டாம். 100 மைக்ரானுக்குக் குறைந்த கோபிபாட் (இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்) நாப்ளியஸ், அதாவது அதன் முதல் பருவக் குஞ்சு, வேண்டும். கிடைக்காவிட்டால் மஞ்சள்கரு தீர்ந்ததும் கூட்டமாகச் செத்துவிடும்.

பார்வோகலானஸ் என்ற கோபிபாட் வகையின் கல்ச்சரை ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசி கொடுத்து வளர்க்கிறோம். அதில் ரோட்டிஃபர் புகுந்துவிட்டது. ஆண் துணை இல்லாமலே பெருகும் உயிர் அது. ஒன்று நுழைந்தாலும் பாசியை முழுக்கத் தின்று கோபிபாட்டைப் பட்டினி போட்டுவிடும். வலையில் சலித்தும் பலன் இல்லை, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவதால் சேர்ந்தே தங்குகின்றன.

மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வளர்ந்த பெண் கோபிபாட்டை பிப்பெட்டால் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிப் புதிதாகத் தொடங்குவதே சரியான வழி என்று தோன்றுகிறது. செய்தவர்கள் எத்தனை முறை கழுவினீர்கள், எந்த அளவுப் பாத்திரத்தில் தொடங்கினீர்கள்? மண்டபம், தூத்துக்குடி பக்கம் சுத்தமான கல்ச்சர் வைத்திருப்பவர்கள் அரை லிட்டர் தந்தால் போதும், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம். ஓய்தோனா என்ற கோபிபாட் வகை இருந்தாலும் சரி.