பைத்தான் உதவி: விலை வருகிறது, தேதி வரவில்லை (அவசரம்)

மாட்டுத்தாவணி_மல்லி:
அண்ணன்களே, பைத்தான் இப்போதுதான் பழகுகிறேன். பூ மார்க்கெட்டில் எங்கள் அண்ணன் தினமும் மல்லி விலையைக் குறித்து வைப்பார். முகூர்த்த நாளில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கீ எரர் 'தேதி' என்று நின்றுவிடுகிறது. எல்லாம் சரியாகத்தான் அடித்திருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

செல்லூர்_தறி:
எதில் குறித்து வைப்பார்? நோட்டிலா, எக்செலிலா? விண்டோஸா, லினக்ஸா? ஃபைலை எப்படித் திறக்கிறீர்கள்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்கணும் தம்பி.

வைகை_வடகரை:
அதெல்லாம் வேண்டாம். 'தேதி'க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். ஓரத்து ஸ்பேஸை வெட்டும் ஸ்ட்ரிப் போடுங்கள், முடிந்தது.

மாட்டுத்தாவணி_மல்லி:
எக்செல்தான். விண்டோஸ். காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைலாகச் சேமித்து, தலைப்பைச் சொல்லி மதிப்பை எடுக்கும் டிக்ட்ரீடரில் படிக்கிறேன். ஸ்ட்ரிப் போட்டும் அதே எரர். 'விலை' ஒழுங்காக வருகிறது.

பழைய_பெர்ல்:
இல்லாத சாவியைக் கேட்டால் கீ எரர்தான் வரும். டிக்‌ஷனரி என்றால் என்னவென்று முதலில் படித்துவிட்டு வாருங்கள். நாங்களெல்லாம் மேனுவலைப் புரட்டாமல் வாயே திறந்ததில்லை.

டவுன்ஹால்_டைப்பிங்:
பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். யூனிகோடில் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

செல்லூர்_தறி:
பாமினி என்றால் 'விலை'யும் வராதே சார். தம்பி, ஃபைலைத் திறக்கும் ஓப்பனில் என்கோடிங், அதாவது எழுத்துக் குறியீட்டு முறை, என்ன கொடுத்தீர்கள்? முதல் தலைப்பான 'தேதி'க்கு நீளம் எண்ணும் லென் போட்டு எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள். நான்கு வரணும்.

மாட்டுத்தாவணி_மல்லி:
யூடிஎஃப்-8. லென் 5 வருகிறது.

வைகை_வடகரை:
தேதிக்கு இரண்டெழுத்துதானே? நான்கு எப்படி வரும்?

செல்லூர்_தறி:
த, ஏகாரக் குறி, த, இகரக் குறி. யூனிகோடில் குறியும் தனிக் கணக்கு. 'மதுரை'க்கு 5 வரும், போட்டுப் பாருங்கள்.

டவுன்ஹால்_டைப்பிங்:
இதற்குத்தான் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியீட்டு முறை. எழுத்துக்கு ஓரிடம். 2010இல் அரசே ஆணை போட்டது, எவன் கேட்டான்?

வைகை_வடகரை:
ஆணை இருக்கட்டும் சார், உங்கள் போனில் இருக்கிறதா?

டவுன்ஹால்_டைப்பிங்:
போனில் இல்லாததெல்லாம் தப்பா?

பழைய_பெர்ல்:
எழுத்தை எண்ண ஓப்பன்-தமிழ் என்று ஒரு லைப்ரரியே இருக்கிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

செல்லூர்_தறி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, அந்த ஐந்தாவதுதான் வில்லன். எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்தால் ஃபைலின் தலையிலேயே பாம் (BOM) என்ற குறியை மூன்று பைட்டில் வைத்துவிடும். நோட்பேடில் கண்ணுக்குத் தெரியாது. பைத்தான் அதை முதல் தலைப்போடு ஒட்டிப் படித்துவிடுகிறது, அதனால்தான் தேதிக்கு மட்டும் தகராறு. அது ஸ்பேஸ் கணக்கில் வராது, ஆகவே ஸ்ட்ரிப்புக்கும் அசையாது. தலைப்புகளை லிஸ்டாகப் பிரிண்ட் செய்தால் தேதிக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டு யு-எஃப்-ஈ-எஃப்-எஃப் என்று நிற்கும். என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' (utf-8-sig) என்று மாற்றுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.

வைகை_வடகரை:
நானும் கிட்டத்தட்ட அதைத்தானே சொன்னேன், ஏதோ ஒட்டியிருக்கிறது என்று.

மாட்டுத்தாவணி_மல்லி:
ஓடிவிட்டது. நன்றிண்ணே.

புது_ஆள்_மேலூர்:
எனக்கும் இதே எரர்தான், ஆனால் மூன்றாவது தலைப்பில். என்ன செய்யலாம்?

செல்லூர்_தறி:
தனி இழை போடுங்கள். கோடோடு.