வேலையை விட்டவர் வீட்டைக் காலி செய்யவில்லை. கிராஜுவிட்டியை நிறுத்தி வைக்கலாமா?

கணபதி லேத் பட்டறை

வணக்கம். கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன். 2014 மார்ச்சில் சேர்ந்த டர்னர் ஒருவர் 2025 ஜூன் 30 அன்று வேலையை விட்டு நின்றுவிட்டார். நாள் சம்பளம் 700. வாரம் 4,200 என்று சனிக்கிழமை கையில் கொடுத்துவிடுவேன். பட்டறைக்குப் பின்னால் என் லைன் வீடு ஒன்றில் குடும்பத்தோடு இருக்கிறார். வாடகை வாங்கியதில்லை, எழுத்தும் கிடையாது. வேலைக்கு வருகிறவர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று கொடுத்த வீடு.

ஏழு மாதம் ஆகிறது, காலி செய்யவில்லை. புதிதாக வந்த பையன் ஒண்டிப்புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறான். அந்த வீட்டை அவனுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். "சாவியைக் கொடுங்க, கிராஜுவிட்டியை வாங்கிக்குங்க" என்று டர்னரிடம் சொன்னேன். அவர் பேசாமல் போய்விட்டார். போன வாரம் தொழிலாளர் துறையிலிருந்து விசாரணைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் மகள் காதுகுத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தவன் நான். நோட்டீஸில் என் பெயரை எதிர்மனுதாரர் என்று பார்த்ததும் அன்றைக்கு சாப்பாடே இறங்கவில்லை.

அவர் சேர்ந்தபோது 12 பேர் இருந்தோம், இப்போது 7 பேர்தான். சட்டம் எனக்குப் பொருந்துமா? வீட்டுக்காகப் பணத்தை நிறுத்தலாமா? ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டால் தானாகப் போவார் என்கிறார் மச்சான்.

ஈரோடு வக்கீல்

முதலில் ஃப்யூஸில் கை வைக்காதீர்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றினால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வந்துவிடலாம். வீடு உங்களுடையது என்று அந்த வழக்கில் வாதாடவே முடியாது.

சட்டம் பொருந்தும். அவர் ஜூனிலேயே விட்டதால் அவருக்கு 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம், அதாவது கிராஜுவிட்டிச் சட்டம்தான். அது 10 பேர் இருந்தால் வரும். ஒரு முறை வந்துவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் போகாது. நிறைய பட்டறைக்காரர்கள் இடறுவது இங்கேதான். தானாக விட்டுப்போனாலும் ஐந்து வருடம் முடித்திருந்தால் கொடுத்தாக வேண்டும். கணக்கு இதுதான்: 15 நாள் சம்பளம் 10,500, அதை 11 வருடத்தால் பெருக்கினால் 1,15,500. மேற்கொண்டு உள்ள மூன்று மாதம் சேராது, ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால்தான் ஒரு வருடமாக எடுப்பார்கள். அவர் விண்ணப்பம் கொடுக்கவில்லை என்று அங்கே போய்ச் சொல்லாதீர்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு 30 நாளில் கொடுப்பது முதலாளியின் கடமை. தவறினால் ஆண்டுக்கு 10 சதவீதம் தனி வட்டி. ஜூலை 30 முதல் ஆறு மாதத்துக்கு 5,775 ரூபாய் ஆகிவிட்டது.

வீட்டு விஷயத்தில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கு அது. கெடு தாண்டி குவார்ட்டர்ஸில் இருந்த ஊழியரிடம் வசூலிக்க வேண்டிய அபராத வாடகையைக் கிராஜுவிட்டியில் கழித்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் அந்த நிறுவனத்திடம் எழுதி வைத்த விதி இருந்தது, வாடகை விகிதம் இருந்தது. உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறதா? வாடகையே வாங்காத வீட்டுக்கு எந்தத் தொகையைக் கழிப்பீர்கள்? கிராஜுவிட்டியை ஜப்தி செய்ய முடியாது என்று 13-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. அதனால் பணம் தனி, வீடு தனி. விசாரணை நாளுக்கு முன்பே வட்டியோடு செக் கொடுத்துவிடுங்கள். உத்தரவு வந்தபின் அப்பீல் போவதானாலும் முழுத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

வீட்டுக்குத் தனியாக வக்கீல் நோட்டீஸ் கொடுங்கள். 2017 வாடகைச் சட்டம், நிறுவனங்கள் வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக ஊழியருக்குக் கொடுத்த வீட்டை விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் வழக்கு வாடகை நீதிமன்றத்துக்கா, சிவில் கோர்ட்டுக்கா என்பதை அங்குள்ள வக்கீல் பட்டறை உரிமத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

சிட்கோ ஃபிட்டர்

அண்ணா, நானும் கம்பெனி வீட்டில் 9 வருடம் இருந்தவன். வேலையை விட்டபோது கையில் இருந்தது கடைசி வாரச் சம்பளம் மட்டும்தான். வெளியில் ஒரு ரூம் பார்த்தாலும் அட்வான்ஸ் கேட்பார்கள். அந்த அட்வான்ஸுக்கு கிராஜுவிட்டியை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. நீங்கள் சாவிக்காகப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், அவர் பணம் வந்தால்தான் சாவியைத் தர முடியும். நேரில் போய் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கணபதி லேத் பட்டறை

நேற்று சாயங்காலம் போனேன். சின்னவேடம்பட்டியில் அக்டோபரிலேயே வீடு பார்த்துவிட்டாராம், அட்வான்ஸ் 60,000. கொடுக்க முடியாமல் அது கை நழுவிப் போயிருக்கிறது. என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு, துறைக்கு மனு போட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ. பரீட்சை முடியட்டும் என்றார் அவர் மனைவி. நானும் சரி என்றேன்.

1,21,275-க்கு செக் எழுதிவிட்டேன். வக்கீல் சார், ஏப்ரல் 30-க்குள் காலி செய்வதாக அவர் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். அதை வெள்ளைத்தாளில் வாங்கினால் போதுமா, முத்திரைத்தாள் வேண்டுமா?

ஈரோடு வக்கீல்

முத்திரைத்தாளில் இரண்டு சாட்சியோடு வாங்குங்கள். செக் கொடுத்த விவரத்தை அதில் சேர்க்க வேண்டாம், அதற்குத் தனி ரசீது. இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள் என்றீர்களே, எல்ஐசியில் குழு கிராஜுவிட்டித் திட்டம் இருக்கிறது. ஏழு பேருக்கு எடுக்க முடியுமா என்று இந்த மாதமே போய் விசாரியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்த 1972 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. குறித்த கால ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தால் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. ஒண்டிப்புதூர் பையனை எப்படிச் சேர்த்தீர்கள் என்று பாருங்கள். வீட்டை அவனுக்குக் கொடுக்கும்போது எழுதிக் கொடுங்கள்.