லிட்டரலிசம், இன்எரன்சி: இரண்டுக்கும் தமிழ் என்ன?

ம.செ., உட்லண்ட்ஸ்

நண்பர்களுக்கு வணக்கம். வேதபாட வகுப்புக்கான இருமொழிக் கையேடு வரும் திங்கள் அச்சுக்குப் போகிறது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். படிக்கப்போகிறவர்கள் உயர்நிலை மூன்று, நான்கு பிள்ளைகள். லிட்டரலிசம், இன்எரன்சி, இன்ஃபாலிபிலிட்டி மூன்றுக்கும் வரைவில் ‘வேதம் பிழையற்றது என்னும் கொள்கை’ என்றே இருக்கிறது. அது செல்லாது. முதலாவது, சொன்னதைச் சொன்னபடியே நேர்ப்பொருளில் வாசிக்கும் முறை. இரண்டாவது நூல் சொல்வதில் தவறே இல்லை என்னும் கூற்று. மூன்றாவது, நூல் தன் நோக்கத்தில் ஏமாற்றாது என்பது. இரண்டாவதை ஏற்பவர் முதலாவதை மறுக்கலாம். ஏசாயா 55:12-ல் மரங்கள் கைகொட்டுகின்றன. அதை உருவகம் என்பவர் ஏசாயா தவறாகச் சொன்னார் என்று சொல்லவில்லையே. என் பரிந்துரை: எழுத்துவாதம், பிழையின்மை, வழுவாமை.

ஞா., பிடோக்

அம்மா, எழுத்துவாதம் வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் 2 கொரிந்தியர் 3:6 தான் காதில் விழும்: “எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது.” கையேடு இரு தரப்பையும் நடுநிலையாகச் சொல்ல வேண்டும், இங்கே சொல்லிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. ‘வாதம்’ என்ற ஈறும் தீவிரவாதம், பிரிவினைவாதம் என்று கெட்டுப்போய்க் கிடக்கிறது.

நன்னூல் வழியில் ‘வெளிப்படைப் பொருள்’ என்று யோசித்தேன். ஆனால் வெளிப்பாடு, வெளிப்படுத்தின விசேஷம் என்று வேதத்திலேயே அந்த வேர் வேறு வேலை செய்கிறது. ‘நேர்பொருள் வாசிப்பு’ போதும்.

வழுவாமையும் சிக்கல்தான். 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம், திருத்தந்தை அதிகாரபூர்வமாக வரையறுக்கும் விசுவாசப் போதனையில் தவறமாட்டார் என்று அறிவித்ததைக் கத்தோலிக்கர் ‘வழுவாவரம்’ என்கிறார்கள். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

கி., தெம்பனிஸ்

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். இன்எரன்சிக்கு ‘வழாநிலை’ என்று வையுங்கள். நம் இலக்கணத்தில் வழாநிலை (விதி தவறாதது), வழு (விதி தவறியது), வழுவமைதி (தவறினாலும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது) என்று மூன்று உண்டு. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை மயங்குகிறது; ஆனாலும் உவப்பினால் சொன்னதென்று அமைத்துக்கொள்கிறோம். இன்எரன்சியை ஏற்பவர்கள் அதை விளக்கி வெளியிட்ட 1978-ன் சிகாகோ அறிக்கையும் இதைத்தான் செய்கிறது. அதன் 13-ஆம் பிரிவின்படி முழு எண்கள், மிகைக்கூற்று, கண்ணுக்குத் தெரிகிறபடி இயற்கையை வருணிப்பது, எழுத்திலும் இலக்கணத்திலும் உள்ள ஒழுங்கின்மை எதுவும் இன்எரன்சியைக் குலைக்காது. அச்சு அசல் வழுவமைதி!

1 இராஜாக்கள் 7:23-ஐப் பாருங்கள். சாலொமோன் ஆலயத்து வெண்கலக் கடல்தொட்டியின் குறுக்களவு 10 முழம், சுற்றளவு 30 முழம். வட்டக் கணக்குப்படி 31.4 வர வேண்டும். கனம் நாலு விரற்கடை என்று 26-ஆம் வசனம் சொல்வதால், சுற்றளவு உள்விளிம்புக்கு உரியது என்பார்கள். முழத்துக்கு 24 விரல் என்றால் உள்குறுக்களவு 9.67 முழம், சுற்றளவு 30.37. அப்போதும் 30 வராது. முழு எண் என்று அமைப்பதே நேர்மை.

ம.செ.

அழகான பொருத்தம், ஐயா. ஆனால் அதே தொட்டி 7:26-ல் 2,000 குடம் பிடிக்கிறது, 2 நாளாகமம் 4:5-ல் 3,000 குடம். இதை எதில் அமைப்பீர்கள்? நன்னூலின் பத்துக் குற்றங்களில் இது ‘மாறுகொளக் கூறல்’, அதாவது முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வது ஆயிற்றே.

கி.

படியெடுத்தவர் கைத்தவறு என்பது இன்எரன்சியை ஏற்பவர்கள் தரும் பதில்களில் ஒன்று. அறிக்கையின் 10-ஆம் பிரிவு தேவ ஏவுதலை மூலப்படிக்கு, அதாவது முதன்முதலில் எழுதப்பட்ட படிக்கு மட்டுமே உரியதாக்குகிறது. தொல்காப்பியர் முதல்நூல், வழிநூல் என்று பிரித்ததும், “வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது” முதல்நூல் என்றதும் நினைவுக்கு வருகின்றன.

வேரையும் சொல்லிவிடுகிறேன். வழு என்றால் வழுக்குதல், நிலைதவறுதல். பிழை, தப்பு, தவறு மூன்றுமே குறி தவறுவதைச் சொல்லும் சொற்கள். எபிரெயத்திலும் அப்படியே: பாவத்துக்கு உரிய வினைச்சொல்தான் நியாயாதிபதிகள் 20:16-ல் மயிரிழையும் தப்பாமல் கவணெறிகிறவர்களுக்கு வருகிறது.

சு., ஈசூன்

கவண் நன்றாக இருக்கிறது. ஆனால் வழாநிலை என்று வலப்பக்கத்தில் போட்டால் பிள்ளைகள் இடப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போவார்கள். உயர்நிலை மூன்றில் வழுவமைதி தெரிந்த பிள்ளையை எங்கே தேடுவது? பிழை எல்லாருக்கும் தெரிந்த சொல். பிழையின்மைக்கே என் வாக்கு.

‘மூலப்படி’ என்பதை மட்டும் விளக்கத்தில் விட்டுவிடாதீர்கள். மூலம் மட்டும் பிழையற்றதா, வழிவழியாகக் காக்கப்பட்ட படியும் பிழையற்றதா என்ற வேறுபாடு சிங்கப்பூரிலேயே ஒரு பைபிள் பிரெஸ்பிட்டேரியன் சபைக்கும் ஒரு வேதாகமக் கல்லூரிக்கும் இடையே வழக்காகி, 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று.

ஞா.

மூன்றாவதற்குத் ‘தவறாமை’ எப்படி? ‘தவறாமல் வந்துவிடுங்கள்’ என்கிறோமே, அந்தப் பொருள். தேவ வசனம் வெறுமையாய்த் திரும்பாது என்று ஏசாயா 55:11 சொல்வதும் அதைத்தானே. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதுவிக்க விரும்பிய உண்மையை விவிலியம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றது. அதற்குப் பக்கத்தில் வைக்கவும் இந்தச் சொல் உதவும்.

ம.செ.

நேர்பொருள் வாசிப்பு, பிழையின்மை, தவறாமை. நால்வரில் மூவர் ஒத்துக்கொண்டதால் இப்படியே அனுப்புகிறேன். வேதாகமமா விவிலியமா என்பதை இந்த முறை கிளப்ப வேண்டாம். வேதாகமம் என்றே இருக்கட்டும்.

கி.

அனுப்புங்கள், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிப் பிள்ளைக்குப் பிழை என்றால் எழுத்துப்பிழை. அறிக்கையே எழுத்துப்பிழை கணக்கில் வராது என்கிறபோது, பிழையின்மை அதற்கு நேர் எதிராகப் புரிந்துகொள்ளப்படும். குறைந்தது விளக்கத்தில் ‘மூலப்படி உண்மை என்று உறுதியாகச் சொல்வதில் பிழையில்லை, எழுத்தமைப்பைப் பற்றியதன்று’ என்ற வரியைச் சேருங்கள். கீழே கடல்தொட்டியின் இரண்டு வசனங்களையும் கொடுங்கள்.