1871க்கு முந்திய இலங்கைச் சனத்தொகை: எந்த எண்ணைப் பிடிக்கிறது?

நல்லூரான்:
1820இல இலங்கைச் சனத்தொகை இவ்வளவு எண்டு எழுதிப்போட்டு, ஆதாரம் கேட்டால் பொருளாதார வரலாற்றறிஞர் அங்கஸ் மடிசன்ர பட்டியலைக் காட்டீனம். தீவு முழுக்க நவீன முறையில முதல் குடிசன மதிப்பீடு நடந்தது 1871இல. அப்ப கிட்டத்தட்ட 24 இலட்சம். அதுக்கு முந்தின காலத்துக்கு மடிசன் தாறது கணிப்பு. அதை எண்ணிப் பார்த்த கணக்குப் போலப் போடுறதை நான் ஏற்கமாட்டன்.

வடமராட்சி வாசகன்:
அண்ணை, 1824இலயும் ஆங்கிலேயர் கணக்கெடுத்தவை தானே? எட்டரை இலட்சமளவில வந்தது. 47 வருசத்தில அது மூண்டு மடங்குக்குக் கிட்டப் போகுமே? கோப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவில இருந்து வந்த சனத்தைச் சேர்த்தாலும் இடிக்குது. அப்ப ராசகாரியம், அதாவது அரசுக்குச் செய்யவேண்டிய கட்டாய ஊழியம், நடைமுறையில இருந்தது, 1832இலதான் ஒழிச்சவை. பேர் குடுத்தால் ஊழியமும் வரியும் தேடி வரும் எண்டால் ஆர் வீட்டில உள்ள எல்லாரையும் காட்டுவான்? பின்னுக்கு வந்த நல்ல கணக்கில இருந்து பின்நோக்கிக் கணிக்கிறதுதான் நியாயம்.

நல்லூரான்:
குறைய எண்ணினது உண்மை தம்பி. எவ்வளவு குறைய? ஒரு வளர்ச்சி வீதத்தைப் பிடிச்சுப் பின்னுக்குப் போனால், விடையை அந்த வீதமே தீர்மானிச்சுப்போடும். வாந்திபேதியும் அம்மையும் ஊர் ஊராச் சனத்தைக் கொண்டுபோன நூற்றாண்டு அது. ஒரே சீரா வளர்ந்தது எண்டு எப்பிடி எடுக்கிறது?

கொக்குவில் மாணவி:
எண்ணின கணக்கிலயும் கவனம் வேணும். யாழ். மாவட்டம் 1981இல 830,552, 2012இல 583,882 எண்டு பக்கத்துப் பக்கத்தில போடுறவை. 1981 கணக்கில கிளிநொச்சியும் இருக்கு, 1984இலதான் அது தனி மாவட்டம். கிளிநொச்சியைக் கழிச்சால் 738,788. சனம் குறைஞ்சது உண்மை, ஆனால் அந்தளவு இல்லை.

வடமராட்சி வாசகன்:
நல்லாச் சொன்னீங்கள் தங்கச்சி. 1991இல நாடு முழுக்கக் குடிசன மதிப்பீடு நடக்கேல்லை, 2001இல எங்கட மாவட்டத்தில நடக்கேல்லை. கணிப்பே வேண்டாம் எண்டால், இடம்பெயர்ந்து அலைஞ்ச அந்த முழுக் காலமும் வெறும் கோடுதான். அண்ணை, 1824க்கு நீங்கள் எந்த எண்ணைப் போடுவியள்?

நல்லூரான்:
எட்டரை இலட்சம். பக்கத்திலயே "குறைய எண்ணப்பட்டது" எண்டும் எழுதுவன்.

வடமராட்சி வாசகன்:
நான் போடமாட்டன். வாசிக்கிறவை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவினம், உங்கட குறிப்பு அங்கயே கிடக்கும்.