மறு: மறு: 'முடங்கிய சொத்து' சரியா? வெள்ளிக்கிழமை அச்சு

வணக்கம். ஓய்வூதிய நிதி உறுப்பினர்களுக்கான கையேடு ஒன்ன தமிழாக்கிட்டு இருக்கேன். நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு எல்லாம் நாப்பது வருஷம் சம்பாதிக்கும்னு கணக்குப் போட்டுப் பணத்த இறக்கியிருப்பாங்க, நடுவுல கார்பன் வரியோ மலிவான சூரிய மின்சாரமோ வந்து மதிப்பு விழுந்துடும், அந்தச் சொத்துக்கு (ஆங்கிலத்துல stranded asset) 'முடங்கிய சொத்து'ன்னு போட்டிருக்கேன். சரியா?

> முடங்கிய சொத்து

வேண்டாம்மா. சொத்து முடக்கம்னா வழக்குல முடக்கினதுன்னுதான் எடுத்துப்பாங்க. 'தரைதட்டிய சொத்து' போடும்மா. தரைதட்டின கப்பல் உடையல, சரக்கும் உள்ளயே இருக்கு, ஆனா நகராது. 2020ல எண்ணெய் நிறுவனங்கள்ல பிபி 1,750 கோடி டாலர் வரைக்கும் ஷெல் 2,200 கோடி டாலர் வரைக்கும் சொத்து மதிப்பக் குறைச்சு எழுதப்போறதா அறிவிச்சப்போ எண்ணெய் எங்கயும் போயிடல, இனிமே என்ன விலைக்குப் போகும்ங்கிற கணக்குதான் மாறுச்சு.

> தரைதட்டிய சொத்து

ஐயா, உவமை அழகு, ஆனா 'சொத்து' வடசொல்லாச்சே, 'உடைமை' இருக்கே. இல்லன்னா வள்ளுவரே 463ல "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை"ன்னு இந்த முதலீட்டத்தான சொல்றாரு? 'முதலிழப்பு'ன்னே வைக்கலாம். முதல்ங்கிறது தொடக்கம், மூலதனம், மரத்தோட அடி எல்லாத்துக்கும் வரும், அடியே போச்சுங்கிற பொருளும் கிடைக்குது.

> முதலிழப்பு

தம்பி, அது இழப்போட பேரு, நமக்கு வேண்டியது இழக்கப்போற பொருளோட பேரு. அதுவும் பலது இன்னும் லாபத்துலதான் ஓடிட்டு இருக்கு. அப்போ பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆளுநரா இருந்த மார்க் கார்னி 2015ல லண்டன்ல பேசினப்போ எச்சரிச்சதே இதத்தான், ஆபத்து கண்ணுக்குத் தெரியறப்போ காலம் கடந்திருக்கும்னு. அதனால 'தட்டிய'ன்னு இறந்தகாலத்துல பூட்டாதீங்க. வினைத்தொகையா 'தரைதட்டு சொத்து'ன்னா தட்டிய, தட்டுகிற, தட்டும் மூணும் அடங்கிடும். வினைத்தொகைல ஒற்று மிகாது, 'ச்' போட்டுடாதீங்க.

> தரைதட்டு சொத்து

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இலக்கணம் புரியுது ஐயா, ஆனா இங்க படிச்சவங்களுக்கு 'தட்டு' தனியா நின்னு குழப்புது. நேரம் இல்ல, நடந்ததுக்கு 'தரைதட்டிய சொத்து', வரப்போறதுக்கு 'தரைதட்டும் இடர்'னு அனுப்பிடறேன்.

> தரைதட்டும் இடர்

அக்கா, சொத்த விட்டுக்கொடுத்துட்டேன், இத விடமாட்டேன். இடர்னா வந்து சேர்ந்த துன்பம். வரலாம், வராமலும் போகலாம்ங்கிறதுக்கு 'இடர்வாய்ப்பு'ன்னாவது போடுங்க, வெள்ளிக்கு இன்னும் ஒரு நாள் இருக்கே.